விலகுவதற்கான காரணம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. போன ஏப்ரலில் பள்ளி முதல்வர் வீரராகவன் தன் அறைக்குக் கூப்பிட்டு, "மிஸ், இன்னொரு லெட்டர் வேணுமே" என்றார். அந்தக் கடிதமும் ஒரு கதைதான் என்று அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியை. பெயர் சுமலதா. [பெயரை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் தைரியமாக உண்மை சொல்வேனா, இன்னும் சுலபமாகப் பொய் சொல்வேனா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.]

பத்தாம் வகுப்பில் தொடர்ந்து பதினோராவது ஆண்டாக நூறு சதவீதம் என்று எங்கள் வாசலில் பேனர் தொங்குகிறது. அந்த நூறு வரும் வழி இது: ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, பத்தில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைப்போம். "ஒன்பதுல பாஸ் போட்டுத் தர்றோம், டிசி வாங்கிக்குங்க" என்போம். நாங்களாக யாரையும் அனுப்புவதில்லை. பெற்றோரே விரும்பி விலக்கிக்கொள்வதாகக் கோப்பில் கடிதம் இருக்கும். அதை எழுதுவது நான். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குச் சந்தேகம் வருமாம். அதனால் ஆளுக்கொரு காரணம். ஆறு வருடத்தில் பதினேழு கடிதங்கள். என் படைப்புகள் எல்லாம் முதல்வரின் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

2

அந்த ஏப்ரல் கடிதம் ஒன்பதாம் வகுப்பு பிரின்சிக்கானது. அவளைப் பற்றிய இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஜன்னல் வழியே ஆலைப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரின்சி..."

அடித்துவிட்டேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். பிறகு:

"கணக்கில் இருபத்தொன்று வாங்கிய அந்தச் சிறுமி உண்மையில் ஒரு பெரிய ஓவி—"

இதையும் விட்டேன். பிரின்சிக்கு ஓவியம் வராது. பாட்டு வராது. [ஓட்டம் வருமா என்பது யாருக்கும் தெரியாது. விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்து நான்கு வருடமாகிறது.] பக்கத்துப் பெண்ணோடு ஓயாமல் பேசுவாள், கட்டுரை நோட்டை ஒருநாளும் நேரத்துக்கு வைக்க மாட்டாள். அவளுக்கு ஒரு மறைந்த திறமை வைத்தால் உங்களுக்குச் சீக்கிரம் இரக்கம் வரும். ஏன் வைக்க வேண்டும்? திறமை இல்லாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு பெஞ்சில் இடம் கிடையாதா? எனக்கு எரிச்சலாக வருகிறது. உங்கள் மேல் அல்ல. [கொஞ்சம் உங்கள் மேலும்தான்.]

3

பிரின்சியின் அம்மா கங்கம்மாவுக்கு ஒரு இரும்பாலை கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை. கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்க வராது.

"இன்னா மிஸ் எய்திக்கிறீங்கோ?"

"வழக்கமா எழுதுறதுதாம்மா, போடுங்க."

போட்டார்.

நான் எழுதியிருந்தது என்னவென்றால்... முதல்வர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "வீடு மாத்துறது ஏற்கெனவே வந்துடுச்சு மிஸ், வேற போடுங்க." உடல்நலக் குறைவு என்று போட்டு நிறுத்தியிருக்கலாம். நம்பும்படியாக இல்லை என்று தோன்றியது. குறிப்பாக ஒரு விவரம் இருந்தால்தானே எழுத்துக்கு உயிர்.

"என் மகளுக்கு அடிக்கடி வலிப்பு வருவதால், வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்."

எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைத்தால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமே இல்லை. திருப்தியாகத்தான் இருந்தது. "சூப்பர் மிஸ்" என்றார் முதல்வர். அலுவலகத்தில் அதை அப்படியே மாற்றுச் சான்றிதழில் 'விலகுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் ஏற்றிவிட்டார்கள்.

4

ஜூனில் கங்கம்மா அந்தச் சான்றிதழோடு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனார். அங்கிருந்த தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் அதை வாசித்துவிட்டு, "பரீட்சை ஹால்ல வலிப்பு வந்தா யார் பொறுப்பு? பழைய ஸ்கூல்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி வீட்லேந்தே தனியா எழுதட்டும்" என்று அனுப்பிவிட்டார். [இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவரிடமும் மேலிருந்து சதவீதம் கேட்கிறார்கள். என்னைவிட அவர் மோசமில்லை.]

திங்கட்கிழமை எங்கள் வாசலில் கங்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைக்கு வலிப்புன்னு எய்திக்கிறியே மிஸ், நீ பாத்தியா? என்னிக்கினா அது கீய வுயுந்து நீ தூக்கினியா?"

முதன்முறையாக என்னை நீ என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"டீச்சரு எய்தினா சரியாத்தான் இருக்கும்னு கையெயுத்து போட்டேன். இப்ப காலனி பூரா தெரிஞ்சிபோச்சி. ஊட்ட வுட்டு வெளிய வரமாட்டேங்குது. 'ஏம்மா, எனக்கு நெசமாவே வலிப்பு வருதா? தூக்கத்துல வருதா?'ன்னு என்னியே கேட்டுகினு கீது மிஸ்."

வாட்ச்மேன் கேட்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"தப்பா எய்திட்டேன்னு நாலு வரி எய்திக் குடுங்க. வேற ஒண்ணியும் வாணாம். வெள்ளிக்கெயம வரைக்கும்தான் சேத்துப்பாங்களாம்."

"நாளைக்கு வாங்கம்மா" என்றேன்.

5

ஒரு முடிவு: எழுதிக் கொடுக்கிறேன். பிரின்சி சேர்ந்துவிடுகிறாள், எனக்கு வேலை போகிறது. என் மகள் இதே பள்ளியில் ஆசிரியர் பிள்ளை என்ற சலுகையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கில் இருபத்தெட்டு. [இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.]

இன்னொரு முடிவு: முதல்வர் மனம் மாறி— வேண்டாம், எனக்கே சிரிப்பு வருகிறது.

மூன்றாவது: பிரின்சி வீட்டிலிருந்தே படித்துத் தேறி, மிட்டாயோடு என்னைப் பார்க்க வருகிறாள். இது உங்களுக்குப் பிடிக்கும். யார் சொல்லிக்கொடுத்துத் தேறினாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். கங்கம்மா செவ்வாய் வந்தார், புதன் வந்தார், இரண்டு நாளும் வேலைக்குப் போகாமல். இன்று வியாழன். வகுப்பில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லி வாட்ச்மேனிடம் ஆள் விட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கு வெளியே அவர் நிற்பது இங்கிருந்து தெரிகிறது. அவர் கேட்டது நாலு வரி. நான் எழுதியிருப்பது ஆறு பக்கம்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் தள்ளிவிடுவது வழக்கம். நானும் தள்ளுகிறேன். உங்களுக்கு இதனால் வேலை போகாது. சீக்கிரம் எழுதுங்கள், நாளைக்கு வெள்ளிக்கிழமை.