முந்திக்கொண்ட மன்னிப்பு

அந்தக் குக்கர் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பொருள் எது வந்தாலும், விளம்பரம் எழுதும்போதே கூடவே ஒரு மன்னிப்பையும் எழுதி வைத்துவிடுவார்கள். மூடி தெறித்தால் போட ஒன்று, கைப்பிடி கழன்றால் போட இன்னொன்று. அசம்பாவிதம் நடந்தபிறகு உட்கார்ந்து எழுதினால் கை நடுங்கும், உளறிக் கொட்டுவோம் என்பது முதலாளியின் கட்சி. மன்னிப்பு எழுதுவதில் பெரியவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படித்தால் கல்லும் கரையும். இத்தனை வருஷத்தில் அதில் ஒன்றுகூட வெளியே போகவில்லை. கம்பெனிக்கு அது நிம்மதி, எழுதியவளுக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்.

அவள் ஒரு வீட்டின் மூத்த மருமகள், அதனால் பெரியவள். அதே வீட்டின் இளைய மருமகள் சின்னவள். சின்னவளை இதே கம்பெனியில், இதே மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். "சும்மா வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போற, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அன்றைக்கு அந்தக் கையை யாராவது கட்டிப் போட்டிருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்காத நாளில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே சின்னவள் எல்லோரையும் வளைத்துப் போட்டுவிட்டாள். நிருபர்கள் போன் செய்தால், "சின்ன மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். முதலாளி அவள் சொல்லும் மொக்கை ஜோக்குக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டிலும் அதே கூத்து. "சின்னவ வந்தப்புறந்தான் வீட்ல சிரிப்புச் சத்தமே கேக்குது" என்பார் மாமியார். அதுவரை எல்லோரும் ஒப்பாரியா வைத்துக்கொண்டிருந்தார்கள்? பெரியவளுக்கு வயிறு எரியும். பொறாமைதான். அதற்கு அக்கறை, பொறுப்பு, அனுபவம் என்று வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுவதாகச் சொன்னார். மூலையில் இருந்த கண்ணாடி அறை காலியாகப்போகிறது. அதற்குள் போகப்போவது பெரியவளா சின்னவளா என்பதைப் புதுக் குக்கர் வெளியீடு முடிந்ததும் சொல்வதாக முதலாளி அறிவித்தார். பெரியவள் இதற்காகத் தவம் கிடந்தவள். அந்த அறையில் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் மாலை. மறுநாள் காலை தானாகவே கம்பெனியின் இணையப் பக்கத்தில் வெளியாகும்படி பதிவை நேரம் குறித்துவைக்கும் வேலை சின்னவளுடையது. எதுவும் போவதற்கு முன் பெரியவள் ஒரு தடவை படித்துப் பார்த்து "போடு" என்று சொல்லவேண்டும். கையெழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான். சின்னவள் கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு ஏதோ ஒரு நிருபரிடம் பேசியபடியே திரையைத் திருப்பினாள்.

"அக்கா, இதை மட்டும் ஒரு தடவ பாத்துடுங்களேன்."

பெரியவள் பார்த்தாள். மேலே பளபளவென்று புதுக் குக்கரின் படம். கீழே அவளே எழுதிய வரிகள். 'எங்கள் குக்கரின் மூடி தெறித்துக் காயமடைந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறோம்.' விளம்பரத்துக்கும் மன்னிப்புக்கும் ஒரே படத்தை வைத்திருந்தார்கள். அவசரத்தில் சின்னவள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றிவிட்டிருந்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னவள் போனில் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது.

"போடு" என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை, ஒரு குக்கர்கூட விற்காத நிலையில், மூடி தெறித்ததற்காகக் கம்பெனி ஊரறிய மன்னிப்புக் கேட்டது. அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. 'அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே வெடிக்கும் குக்கர்' என்று படம் போட்டுச் சிரித்தார்கள். கடைக்காரர்கள் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அலுவலகத்தில் யாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலாளியின் அறைக்குள் சின்னவள் முகம் வெளிறிப் போவதைப் பெரியவள் தன் இடத்திலிருந்தே பார்த்தாள். கொஞ்சம் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. வாசலில் கூடிவிட்ட நிருபர்கள் முன்னால் போய் நின்றாள் சின்னவள்.

"இன்னும் யாருக்கும் எதுவும் ஆகலங்க. ஆனா ஏதாவது ஆயிட்டா என்ன சொல்றதுன்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தோம். அதுதான் அசிங்கம். மூடியக் கவனிக்கிறதுக்கு முன்னாடி மன்னிப்பக் கவனிச்சிருக்கோம். இப்ப எல்லா மூடியையும் மறுபடி சோதிக்கப்போறோம். நீங்களும் கூட வந்து பாருங்க."

சாயங்காலத்துக்குள் காற்று அப்படியே திசை மாறிவிட்டது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் கம்பெனியைப் பார்த்ததே இல்லை என்று காலையில் சிரித்தவர்களே தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் மறுபடி கேட்டு அனுப்பினார்கள். கல்லும் கரையும்படி பெரியவள் எழுதிய வரிகளைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

இதையாவது பொறுத்திருப்பாள். தேநீர் கொண்டுவரும் அம்மா வந்து காதில் போட்ட சேதிதான் தாங்கவில்லை. "உங்க ஓரகத்தி தங்கமான பொண்ணும்மா. முதலாளி அந்தக் கத்து கத்துறாரு, 'யாரு பாத்து அனுப்பினது'ன்னு. 'அக்காகிட்ட நான் காட்டவே இல்ல சார், முழுக்க என் தப்பு'ன்னு சொல்லிருச்சு."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. தான் செய்த பாவத்தையும் அவளே தூக்கிச் சுமந்து, அதிலும் நல்ல பேர் வாங்கிக்கொண்டாளா? எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது போதாதென்று இதையுமா? விடுவிடுவென்று முதலாளியின் அறைக்குப் போனாள். மனசாட்சி உறுத்திப் போனாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. சின்னவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் போனாள்.

"சார், அவ என்கிட்ட காட்டினா. நான் முழுசாப் படிச்சேன். மன்னிப்புன்னு தெரிஞ்சேதான் போடச் சொன்னேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க வருவீங்கன்னு சின்னவ அப்பவே சொல்லிட்டாம்மா. 'அக்கா என்னக் காப்பாத்த வந்து பழியத் தன் தலைல போட்டுக்குவாங்க, நம்பாதீங்க சார்'னா. அப்படியே வந்து நிக்கிறீங்களே! ஒரே வீட்டுல இப்படி ரெண்டு பேரா?"

"இல்ல சார், சத்தியமா நான்தான்..."

"போதும்மா. அந்த அறைய அவளுக்குத்தான் கொடுத்திருக்கேன். உங்கள விட அதிகமா யாரு சந்தோஷப்படப் போறா?"

பெரியவள் தன் வாழ்க்கையிலேயே கலப்படமில்லாமல் ஓர் உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது பிரிவு முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. முதலாளி அதற்குள் உள்தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்க வேண்டும். சின்னவள் ஓடிவந்து, எல்லோரும் பார்க்க, அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். யாரோ படம் எடுத்தார்கள்.

கட்டிக்கொண்டபடியே, பெரியவளின் காதுக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள்.

"நீங்க கடைசி வரிவரைக்கும் படிச்சத நான் பாத்தேங்க்கா. இனிமே எதையும் நீங்க பாக்கவேண்டாம். நானே பாத்துக்கறேன்."

பிறகு விலகி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அழகான சிரிப்பு. பெரியவளும் சிரிக்கவேண்டியிருந்தது.