ஆரஞ்சுத் தூள்

மூன்று மாடி ஏற அவனுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் பழுது பார்ப்பவன். அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இடது கால் கட்டைவிரல் தக்காளிபோல் வீங்கியிருந்தது. செருப்பு வார் உரசினாலே உயிர் போனது.

கதவைத் திறந்த அக்கா முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"வாங்க, தண்ணி வண்டி. நேத்து எத்தனை பாட்டில்?"

பத்தொன்பது வயதில் முதன்முதலாக விரல் வீங்கியதிலிருந்து வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர்தான். ஏழு வருடமாக மறுத்து அலுத்துவிட்டது. இன்று அவன் அதற்காக வரவில்லை.

"குழந்தை எங்கக்கா?"

"தூங்குறான். அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கான். தூக்கத்துலயும் அதே முறைப்பு."

அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தான்.

"குடியால வரலையாம். ஏதோ ஒரு என்சைம் எனக்குப் பிறவியிலேயே குறைச்சல். அதனால யூரிக் ஆசிட் ஏகத்துக்கு ஊறி மூட்டுல படியுது. அம்மா வழியா வர்றதாம். பொண்ணுங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அவங்க பெத்த பையனுக்கு வரலாம்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவனுக்கு ஒண்ணுமில்ல."

"மூத்திரத் துணியில ஆரஞ்சுத் தூள் மாதிரி ஏதாவது ஒட்டுதா?"

அக்கா சிரித்துவிட்டாள். "அதுவா! என் கைச் சாயம்டா அது." சாயப் பட்டறையில் அவளுக்கு வேலை, தலையணை உறையில்கூட அவள் விரல் தடம் இருக்கும். "தேய்ச்சுத் தேய்ச்சுக் கை எரியுது. போய்த் தொலைய மாட்டேங்குது."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். நகக்கண்களில் நீலம்.

"பட்டறையில இப்ப என்ன கலர் ஓடுது?"

"யூனிஃபார்ம் ஆர்டர். ரெண்டு மாசமா நீலம்தான்..."

அவள் தன் நகங்களைப் பார்த்தாள்.

அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள். காலையில் மாற்றிய துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். நடுவில் ஆரஞ்சுத் திட்டு காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மணல்போல் நெருநெருவென்று உதிர்ந்தது.

"இந்த வயசுலயே கண்டுபிடிச்சா மாத்திரையில அடக்கிடலாம்னு டாக்டர் சொன்னாரு," என்றான்.

"இல்லன்னா?"

"கிட்னி."

துணியைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிட்டாள். தூங்கும் குழந்தையை அள்ளித் தோளில் போட்டாள்.

"டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"

"ஒரு மணி."

சுவரில் பன்னிரண்டரை.

"சீட்டைக் கொடு. நீ மெதுவா வா, தம்பி."

அவன் கைப்பிடியைப் பற்றி முதல் படியில் கால் வைப்பதற்குள், அவள் செருப்புச் சத்தம் முதல் மாடிக்குப் போய்விட்டது.