வலது தடம்

யெப்பே கடைசியாகக் கேட்டது ஒரு துண்டு சோப்பு. சபையார் சீயோன் என்று சொன்ன மேற்குத் தேசத்துக்குக் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள்; அவனும் மனைவி சிட்செலும் இழுத்த கைவண்டியின் வலது சக்கரம் காலையிலிருந்தே கிறீச்சிட்டது. அச்சில் தடவும் கொழுப்பு தீர்ந்து நாலு நாளாகியிருந்தது. "சிட்செல், சோப்பு மிச்சம் இருக்கா? இந்தச் சக்கரம் உன்னவிட அதிகமாப் புலம்புது" என்றான். "முதல்ல உன் மூஞ்சியக் கழுவு, அப்புறம் சக்கரத்துக்குப் பூசலாம்" என்று சொல்லித்தான் அவள் எடுத்துக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் பனி விழத் தொடங்கியபோது அவன் வண்டியின் ஏர்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவனையும் இன்னும் எட்டுப் பேரையும் ஒரே குழியில் வைத்து மூடிவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. சீயோனிலிருந்து உதவி வண்டிகள் வந்து சேரும்வரை பதினோரு நாள் சிட்செல் தனியாக இழுத்தாள். அந்தக் கைவண்டி அதே குளிர்காலத்தில் விறகாகிவிட்டது. அதன் இரண்டு தடங்கள் மட்டும் முப்பத்தேழு வருடம் கழித்தும் அவள் பின்னால் வந்துகொண்டிருந்தன.

முதலில் தெரிந்தது அவர்கள் குடியேறிய சான்பீட் பள்ளத்தாக்கில், பனி உருகிய முதல் வாரம். தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனவள் திரும்பிப் பார்த்தபோது அவள் காலடிக்கு இரு பக்கமும் சக்கரத்தடம் பதிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே நான்கடி. வலது தடம் இடதைவிட ஒரு விரற்கடை ஆழம். ஈரமண்ணில் பதிந்தது போலவே காய்ந்த மண்ணிலும் பதிந்தது. ஜெபவீட்டுத் தரைப்பலகையில் மெல்லிய கீறலாக விழுந்தது, அதனால் அங்கே நடனம் நடக்கும் நாட்களில் அவள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். கோழிகள் அவள் பின்னால் புழு பொறுக்கின. பண்ணைக்காரர் ஒருவர் மூன்றாம் மனைவியாக வரச் சொல்லிக் கேட்டார். "உங்க வாசல்ல ஏற்கெனவே ரெண்டு பேர் நடக்கிறாங்க, நானும் வந்தா வாசலே பள்ளமாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தடத்தின் பயனைக் கண்டுபிடித்தவர் வாய்க்கால் மேற்பார்வை பார்த்த லாரிட்ஸ். அவள் நடந்த வழியில் தண்ணீர் தானாக ஓடுவதைப் பார்த்துவிட்டு மறுநாளே வாசலுக்கு வந்தார். "சகோதரி, நாளைக்குக் கிழக்கு வயல்பக்கம் கொஞ்சம் உலாத்துறீங்களா? மெதுவா நடந்தாப் போதும். பேச்சுத் துணைக்கு நான் வரேன், என் மனைவி சம்மதிச்சுட்டா." அவள் நடந்தாள், முப்பது ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ந்தது. அதன்பின் கோதுமை விதைக்கும் எவரும் எருது பூட்டுமுன் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கடந்துபோகும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பனியில் மாண்ட கணவன் இன்றும் வண்டி இழுக்கிறான், வலது பக்கம் அவன் நிற்பதால்தான் அங்கே ஆழம் என்று ஊர் நம்பியது. ஒவ்வொரு ஜூலை இருபத்துநாலிலும், முன்னோர் வந்து சேர்ந்த நாள் விழாவில், பிஷப் அந்தக் கதையைச் சொல்வார்: சுமை குறையட்டும் என்று யெப்பே தன் கம்பளியைத் தானே தீயில் போட்டான். சிட்செல் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பணிவு என்றார்கள்.

முப்பத்தேழாம் வருடம் பிஷப் அவள் வீட்டுக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் யெப்பேவுக்கு ஒரு நினைவுக்கல் நடப் போகிறார்களாம். பெயருக்குக் கீழே ‘தன் கம்பளியைத் தீக்குக் கொடுத்தவன்’ என்று வெட்டவேண்டும். கல்தச்சன் வெள்ளிக்கிழமை தொடங்குகிறான். "வாசகம் சரியா இருக்கா சகோதரி?" என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றாள். வாயால் சொன்னதை அடுத்த ஜூலையில் மாற்றிக்கொள்ளலாம். கல்லில் வெட்டியது அவள் செத்தபிறகும் நிற்கும்.

வியாழன் உபவாச நாள். ஊர் முழுவதும் வெறும் வயிற்றோடு ஜெபவீட்டில் கூடி, மனதில் பட்டவர் எழுந்து சாட்சி சொல்லும் நாள். சிட்செல் ஒரு துணிமூட்டையோடு வந்தாள். அதுவரை ஒருமுறையும் சாட்சி சொல்லாதவள் அன்று எழுந்தாள். மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ஏழு குழி உள்ள வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி இருந்தது.

"இது எங்கம்மாவோடது" என்றாள். "ஆளுக்குப் பதினேழு ராத்தல்தான்னு எடை போட்டாங்க. நான் இதப் பாவாடைக்குள்ள, வயித்துல கட்டிக்கிட்டேன். எடை போட்டவர் பாத்துட்டு, அத எறக்கி வைக்கச் சொல்ல முடியாதேம்மான்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அப்புறம் வண்டியில, வலது பக்கம், மாவு மூட்டைக்கு அடியில வெச்சேன். வழியில, இன்னும் எடையக் குறைங்க, வேண்டாததத் தீயில போடுங்கன்னாங்க. யெப்பே தண்ணிக்குப் போயிருந்தான். சட்டியா கம்பளியான்னு நின்னேன். அவன் கம்பளியப் போட்டேன். திரும்பி வந்து, எங்கேன்னு கேட்டான். சொன்னேன். சரி, உன்னுது இருக்குல்லன்னான். மறுநாள் எல்லார்கிட்டயும், நானேதான் போட்டேன்னு சொன்னான். வலது பக்கம் ஏன் கனக்குதுன்னு ஒரு நாளும் கேக்கல. கல்லுல அந்த வரிய வெட்டாதீங்க."

இரண்டாம் வரிசையில் மாரென் எழுந்தாள். அதே கைவண்டிக் கூட்டத்தில் பக்கத்து வண்டியை இழுத்து வந்தவள் அவள். இப்போது கோலூன்றி நடக்கிறாள்.

"அப்போ வயித்துல பிள்ள இல்லையா?"

"இல்ல மாரென்."

"தினம் என் பங்குல அரைப்பிடி மாவு குடுத்தேனே, சிட்செல். பிள்ளைக்குன்னு."

"ஆமா. வாங்கித் தின்னேன்."

"சட்ட வேற தச்சேன். பனியில பிள்ள கரைஞ்சுபோச்சுன்னு நெனச்சு, உன்னக் கேட்டா நோகுமேன்னு, இத்தன வருஷமா நானா ஜெபம் பண்ணிட்டிருக்கேன். அதுக்கு ஒரு பேர்கூட வெச்சிருக்கேன்."

கம்பளியைப் பற்றிச் சொல்ல முப்பத்தேழு வருடம் வார்த்தை தேடிய சிட்செல், மாவை மறந்தே போயிருந்தாள். மாரென் கையை நீட்டிச் சட்டியை வாங்கினாள், தூக்கிப் பார்த்தாள். "ஏழு ராத்தல் இருக்கும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பிஷப் பாட்டு அறிவிக்காமலே கூட்டத்தை முடித்தார்.

சொல்லிவிட்டால் தடம் போய்விடும் என்றுதான் சிட்செல் நினைத்திருந்தாள். வெளியே வந்து பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். இருந்தது. கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் தொப்பியைக் கழற்றவில்லை. லாரிட்ஸ் மட்டும் வேலியருகே நின்று தன் பூட்ஸைப் பார்த்தபடி இருந்தார்.

"சனிக்கிழம மேற்கு வயல்" என்றார். "வருவீங்கல்ல?"

"இன்னுமா கூப்பிடறீங்க?"

"கோதுமைக்கு இதெல்லாம் தெரியாது சகோதரி. தண்ணி வேணும்."

வெள்ளிக்கிழமை கல்தச்சன் பெயரையும் வருடத்தையும் மட்டும் வெட்டினான். கீழே விட்ட இடம் வெறுமையாகவே நின்றது. சனிக்கிழமை அவள் மேற்கு வயலில் நடந்தாள். கரையில் மாரென் கோலோடு நின்றாள். கடைசிவரை போகவில்லை. தண்ணீர் வந்து நிறையுமுன் லாரிட்ஸ் வழக்கம்போலக் குனிந்து இரண்டு தடத்திலும் விரலை விட்டு அளந்தார். வலது தடம் ஒரு விரற்கடை ஆழமாகவே இருந்தது.