விடைத்தாளில் எழுதிய ‘மீதி நாளைக்கு’

1.

“ஏம்மா, அந்தக் கல்யாணப் பொண்ணு செத்தாளா, பொழச்சாளா? சீக்கிரம் சொல்லு, என் ஸ்டாப் வந்துட்ச்சு.”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவர் முனியம்மாள் அக்கா, கம்பெனியில் தரை துடைப்பவர். கம்பெனி பஸ்ஸின் முன் சீட்டிலிருந்து முக்கால் உடம்பைத் திருப்பிக்கொண்டு கேட்டார். கேட்கப்பட்டவள் மதிவதனி, அதே கம்பெனியின் கேன்டீனில் தட்டு கழுவுகிறவள். கல்யாணத்தன்று ஏரிக்கரையில் பைக்கோடு காணாமல்போன ஒரு பெண்ணின் கதையை, பக்கத்து சீட் ஜாஸ்மினுக்கு மட்டும் கேட்கும்படி, தன் மடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன் சீட்டுக்கும் காது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

முடிவை அவள் இன்னும் யோசிக்கவே இல்லை.

“மீதி நாளைக்கு” என்றாள்.

“நல்லா வச்ச பாரு ஆப்பு” என்று திட்டிக்கொண்டே முனியம்மாள் அக்கா வடக்குப்பட்டில் இறங்கிப் போனார்.

[ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதுகிறவள் மதிவதனியேதான். ‘நான்’ என்று எழுதினால் கை கூசுகிறது. ‘அவள்’ என்றால் தாராளமாகப் பேச வருகிறது. அதனால் அவள்.]

2.

கதையின் முதல் வரி இதுவாக இருக்கவில்லை. அதற்கு முன்னால் எழுதியவை:

“வறுமை என்னும் இருளில் ஒரு சிறு விளக்காய்—” என்.ஜி.

“அந்த ஊரில் ஓர் ஏழைச் சிறுமி, கண்களில் கனவுகளோடு—” இதுவும் என்.ஜி.

கம்பெனியின் தயாரிப்பு லைனில் பழுதான பீஸை என்.ஜி., அதாவது ‘நோ குட்’, என்பார்கள். ஜாஸ்மினுக்குச் செக்கிங் வேலை. பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைப்பாள். மிஞ்சிய ஸ்டிக்கர்கள் அவள் ஓவர்கோட் பையிலேயே பஸ் ஏறிவிடும். மதிவதனி அவற்றை வாங்கித் தன் வாக்கியங்களுக்கு ஒட்டுகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவின் கால் லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. அவள் படிப்பு நின்றது. இதை நீட்டி எழுதினால் நீங்கள் அழுவீர்கள், அவளுக்கு அது வேண்டாம். அவளுக்கு வேண்டியது பத்தாவது பாஸ். தனித்தேர்வராக எழுதித் தேறி, ப்ளஸ் ஒன் சேர வேண்டும். கேன்டீனின் அந்தச் சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பி வரக் கூடாது. இந்தக் கதை அது ஒன்றுக்காகத்தான் ஓடுகிறது.

3.

மறுநாள் அவள் சீட்டைச் சுற்றி ஆறு தலைகள்.

“உம், ஆரம்பி” என்றாள் ஜாஸ்மின்.

கூச்சக்காரிக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. “மொதல்ல எனக்கு ஒரு கணக்கு சொல்லிக்குடுக்கா. அப்புறந்தான் கதை.”

“பார்றா! பஸ்ல ட்யூஷனா? கத சொல்லு, அப்புறம் கணக்கு.”

“கணக்கு.”

“அடியே, பொண்ணு பைக்கோட தண்ணிக்குள்ள கீறாடி. மூச்சு முட்டிக்கினு கெடக்குறா. இப்பப் போயி இன்னா கணக்கு?”

“அதாங்க்கா, சீக்கிரம் சொல்லிக்குடு. பாவம் அவ.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் வானமாமலை அண்ணாச்சி நாங்குநேரிக்காரர். கண்ணாடியில் பார்த்து, “ஏ புள்ள, கணக்க மெதுவாச் சொல்லுங்க, கதயச் சத்தமாச் சொல்லுங்க. இஞ்சின் சத்தத்துல ஒரு எழவும் கேக்க மாட்டேங்கு” என்றார்.

அதுவே ஒப்பந்தம் ஆயிற்று. போகும்போது கணக்கு, திரும்பும்போது கதை. ஜாஸ்மின் ப்ளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றாறு எடுத்தவள். ரிசல்ட் வந்த கையோடு லைனுக்கு வந்தவள். காலேஜ் என்று யாராவது ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தப்பான கணக்குக்கு மதிவதனியின் நெற்றியிலேயே சிவப்பு அம்பை ஒட்டி, “ரீவொர்க் பண்ணு போ” என்பாள்.*

* ஒரு நாள் அதை எடுக்க மறந்து, அம்போடே கேன்டீனில் வேலை பார்த்தாள். சாம்பார் ஊற்றுகிறவர் மட்டும், “எதுமா பழுது?” என்று விசாரித்தார்.

4.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். சூப்பர்வைசர் ஜீவானந்தத்தை வைத்து எழுதிப் பார்த்தாள்.

“‘தட்டு கழுவுறவளுக்குப் படிப்பு ஒரு கேடா?’ என்று அவர் உறுமினார்.” என்.ஜி.

அவர் உறுமவில்லை. பரீட்சைக்கு லீவு கேட்டபோது போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “பத்தாவதா? எம் பொண்ணும் பத்தாவதுதாம்மா. புக்கையே தொட மாட்டேங்குது. நீ வந்து ரெண்டு வார்த்த சொல்லேன்” என்றார்.

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வில்லன் வேஷத்தை முக்கோணவியலுக்குக் கொடுத்துவிட்டாள்.

5.

அவள் பயமில்லாமல் போன பரீட்சை தமிழ் ஒன்றுதான். கடைசிக் கேள்வி ஒரு கதை எழுதச் சொன்னது. எழுதினாள். கூடுதல் தாள் வாங்கி எழுதினாள். முடிக்க இன்னும் ஒரு பத்தி இருந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது.

அது அவள் காதில் மணியாக விழவில்லை. ஸ்டாப் வந்துவிட்டதாக விழுந்தது. இத்தனை மாதமாக ஸ்டாப் வந்ததும் வாய் செய்ததைக் கை செய்தது. ‘மீதி நாளைக்கு’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று உறைத்தது.

“இன்னாடி சொல்ற?” மறுபடி பஸ் ஏறிய நாளில் விஷயத்தைக் கேட்டு ஜாஸ்மின் தலையில் அடித்துக்கொண்டாள். “பேப்பர் திருத்துறவரு நாளிக்கி எந்த பஸ்ல ஏறி வந்து மீதிய கேப்பாரு?”

“வந்தா வரட்டுமே” என்றார் முனியம்மாள் அக்கா. “என் பக்கத்துல ஒரு சீட்டு போட்டுக் குடுப்போம்.”

மதிவதனி மட்டும் சிரிக்கவில்லை. கணக்கில் பெயிலாகிப் போனால்கூட ஊர் ஏற்றுக்கொள்ளும். கதை எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் கதையிலே போனால்?

[திருத்துகிறவரைப் பல விதமாக எழுதிப் பார்த்திருக்கிறாள். சிவப்பு மையில் முட்டை போடுகிறவர். சிரித்து, வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறவர். தாளைத் திருப்பித் திருப்பி மீதியைத் தேடுகிறவர். மூன்றாமவர் மேல் அவளுக்கு ஆசை. ஆகவே அவர் இருக்க மாட்டார்.]

6.

இங்கே ஒரு முடிவு எழுதியிருந்தாள்: “தமிழில் தோற்றவள் மறுபடியும் தொட்டியின் முன்னால்—” நடக்காததை எழுதி உங்களை அழவைப்பானேன். என்.ஜி.

“மாவட்டமே வியக்க—” ஆசைக்கும் அளவு வேண்டும். என்.ஜி.

நடந்தது இது. ரிசல்ட் வந்தபோது எல்லோரும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தார்கள். மதிவதனி நம்பரை இரண்டு முறை தப்பாக அடித்ததால் ஜாஸ்மின் போனைப் பிடுங்கித் தானே அடித்தாள்.

“தமிழ் தொண்ணூத்தி ரெண்டுடி! எல்லாத்துலயும் பாஸ்!”

முனியம்மாள் அக்கா சீட்டின் முதுகில் தாளம் போட்டார். “எங்க பஸ்ஸு பாஸு! எங்க பஸ்ஸு பாஸு!” வடக்குப்பட்டு வந்து போனதை அவர் கவனிக்கவே இல்லை. வானமாமலை அண்ணாச்சி முன்னால் ஒரு வண்டியும் இல்லாத ரோட்டில், “எல, வழி விடுங்கல!” என்று ஹாரனில் கையை அழுத்திக்கொண்டே போனார். மதிவதனி சீட்டின் மேல் ஏறி நின்றாள். வாயைத் திறந்தால் மடியைப் பார்த்துப் பேசுகிறவள், பஸ் அதிரக் கத்தினாள்:

“நான் பாஸ்!”

[‘நான்’ வந்துவிட்டது. மாற்றவில்லை.]

7.

இங்கேயே முடித்தால் நீங்களும் சந்தோஷமாக எழுந்து போகலாம். ஆனால் ஜாஸ்மின் இருக்கிறாளே.

கூத்து நடந்துகொண்டிருந்தபோது அவள் மட்டும் போனைத் திருப்பித் தரவில்லை. கணக்கு மதிப்பெண்ணை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு.

“அது உன் மார்க்குக்கா” என்றாள் மதிவதனி. “நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம். நீ காலேஜு, நான் ஸ்கூலு.”

வாய் ஓயாத ஜாஸ்மின் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணில் இருந்தது கோபமா, பொறாமையா, சந்தோஷமா? மூன்றையும் எழுதிப் பார்த்தாயிற்று. ஒன்றும் ஒட்டவில்லை.

பஸ் பென்னலூரில் நின்றது. ஜாஸ்மினின் ஸ்டாப் இன்னும் இரண்டு தள்ளி. பென்னலூர் ரோட்டோரத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச் இருக்கிறது. அப்ளிகேஷன் போட்டுத் தரும் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து அழ ஒரு நிழற்குடையும் இருக்கிறது. அவள் எதை நோக்கி நடந்தாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மதிவதனி எழுத மாட்டாள்.

ஜாஸ்மின் போனை மதிவதனியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இறங்கிப் போனாள்.