எலாதியோ கேட்ட வழி

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்த முக்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அப்பனின் சவப்பெட்டி வலப்பக்கம் திரும்பியது.

மெழுகுவர்த்தியோடு பின்னால் வந்த தொசிந்தாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியை முன்னால் சுமந்த அண்ணன் எலாதியோ தன் இடத்தில் வேறொருவனை நிறுத்திவிட்டு, அவளுடைய புல்வெளிச் சுவரிலிருந்து கற்களைப் பெயர்க்க ஆரம்பித்ததும்தான் விளங்கியது.

பிணம் ஒரு தடவை கடந்த நிலத்தை அப்புறம் யாரும் அடைக்க முடியாது. நோட்டரி என்ன எழுதினாலும் சரி, அது ஊர்ப் பாதை. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புல்வெளிக்கு மேலே எலாதியோவின் வீடு, அதற்கும் மேலே அவனுடைய பைன் மரங்கள். மரத்தை வெட்டி இறக்க வண்டித்தடம் கொடு என்று வருஷக்கணக்காக நச்சரித்தான். கொடுத்தால் மிஞ்சுகிற புல் அவளுடைய ஒற்றைப் பசுவுக்குக்கூடக் காணாது. படுக்கையில் கிடந்த அப்பனுக்கு ஆறு வருஷம் பீ மூத்திரம் அள்ளியதற்கு அவர் எழுதிவைத்தது அந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். அதுவரை எட்டிப் பார்க்காத மகன், பெட்டியை நான்தான் சுமப்பேன் என்று காலையில் ஒற்றைக் காலில் நின்றபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அண்ணே, கல்லைக் கீழ வை."

"குறுக்கு வழி, புள்ள. மழை வருதுல்ல. அப்பா நனையலாமா?"

"கூரை ஒழுகுது, அப்பா நனையிறாருன்னு நடையா நடந்தேனே. அப்ப எங்க போயிருந்த?" அவள் பாதிரியாரிடம் திரும்பினாள். "சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க."

சாமி வானத்தைப் பார்த்தார். கோவில் கூரைக்கு நாலு பைன் மரம் தருவதாக எலாதியோ போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தான்.

"செத்தவரு உடம்பு சூடு ஆறல, அதுக்குள்ள சொத்துச் சண்டை போடுறா பாருங்க," என்று எலாதியோவின் மனைவி பெனிதா மூக்கைச் சிந்தினாள்.

தொசிந்தா மெழுகுவர்த்தியை எறிந்துவிட்டு இடைவெளியில் போய் நின்றாள். எலாதியோ அவள் மயிரைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் காதைக் கடித்தாள். இருவரும் உருண்டு சுமந்தவர்களின் காலில் மோத, பெட்டி சுவர்மேல் விழுந்து வாய் பிளந்தது. அப்பன் பாதி வெளியே வந்தார். பெனிதா அவருடைய கால்களைப் பிடித்துப் புல்வெளிக்குள் இழுத்தாள். தொசிந்தா தோளைப் பிடித்துச் சாலைப் பக்கம் இழுத்தாள். ஒரு செருப்பு பெனிதாவின் கையோடு வந்தது. உயிரோடிருந்தபோது அந்த மனுஷனை இத்தனை கைகள் தொட்டதில்லை.

எலாதியோ தொசிந்தாவின் அடிவயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டாள். எழுந்தபோது கையில் சுவர்க்கல் இருந்தது. அவன் மண்டையில் ஒரே போடு.

அவன் திரும்பி, மரங்களைப் பார்க்கப் போகிறவன்போல புல்வெளிக்குள் சரிபாதி வரை நடந்தான். அங்கே உட்கார்ந்தான். பிறகு படுத்துவிட்டான்; அப்புறம் எழவில்லை.

அப்பனைச் சாலை வழியாகவே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தன் நிலம் தப்பியதென்று தொசிந்தாவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்தியது.

காவலர்கள் வந்து அவள் கைகளை முன்பக்கமாகக் கட்டினார்கள். எலாதியோவைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். குளிப்பாட்ட, மேலே இருக்கும் அவன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்; நாளைக்கு அதே புல்வெளி வழியாகக் கல்லறைக்கு இறக்க வேண்டும்.

"மேல் சுவரத் திறக்கணும், தொசிந்தா," என்றான் ஒருவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் காவலரிடம் கேட்டுக்கொண்டு முன்னால் போனாள். கட்டிய கைகளோடு ஒவ்வொரு கல்லாக எடுத்துப் புல்லில் வைத்தாள். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி ஆயிற்று.

பெனிதா அழுதுகொண்டே வந்து இடைவெளியைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் எடு," என்றாள். "வண்டி போகணும்ல."

தொசிந்தா எடுத்தாள்.