நசரத்பேட்டைக்கு மட்டும் பெய்த மழை

கவிப்பிரியாவுக்கு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயர் கிடையாது. எல்லோருக்கும் அவள் ‘மழை மேடம்’. வடாம் பிழியலாமா, காரைக் கழுவலாமா, மச்சினி கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதா மண்டபம் பிடிப்பதா என்று லிஃப்டுக்குள் மடக்கி மடக்கிக் கேட்பார்கள். அவள் அரசாங்கத்தின் வானிலை, கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தரவு விஞ்ஞானி. அதாவது கடலையும் வானத்தையும் நேரில் பார்க்காமல், அவை அனுப்பிவைக்கும் எண்களை மட்டும் ஜன்னலில்லாத ஏசி அறையில் உட்கார்ந்து பார்ப்பவள். இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் நாலாவது மாடி வந்துவிடும் என்பதால், “பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு” என்று பொதுவாகச் சொல்லிவைப்பாள். பெய்தாலும் அவள் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி.

வேலை ஒப்பந்த வேலைதான். மார்ச்சோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது டெல்லியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழுவின் கையில். நீட்டிக்காவிட்டால் வானகரத்தில் ஒரு கம்பெனி சிவப்புக் கம்பளம் விரித்துக் காத்திருந்தது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எத்தனை பேர் பிரியாணி கேட்பார்கள் என்று கணிக்கும் வேலை. சம்பளம் இரண்டு மடங்கு. புயலைக் கணிக்கப் படித்துவிட்டுப் பிரியாணியைக் கணிப்பதா என்று அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எப்படியாவது இந்த வேலை நிலைக்க வேண்டும்.

நிலைக்கும்போலத்தான் இருந்தது. ஏனென்றால் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்.

புறநகரில் ஆங்காங்கே மழைமானிகள் வைக்கும் திட்டத்தில், நசரத்பேட்டைப் பக்கம் இடம் கிடைக்காமல், தன் குடியிருப்பு மொட்டை மாடியிலேயே ஒன்றை வைத்திருந்தாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் சண்முகசுந்தரம், ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு போல்ட்டைக்கூட விசாரிக்காமல் உள்ளே விடமாட்டார். மூன்று கூட்டம் போட்ட பிறகுதான் அனுமதி கொடுத்தார். இடுப்பளவுத் தூண், அதன்மேல் வெள்ளை டப்பா, டப்பாவின் தலையில் புனல். உள்ளே ஒரு குட்டி வாளி. தண்ணீர் நிரம்பினால் கவிழும். கவிழ்ந்த கணக்கு மணிக்கொரு முறை சிம் கார்டு வழியாக ஆபீசுக்குப் போகும், கவிழ்ந்த தண்ணீர் அடியிலுள்ள குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். ‘அரசாங்கச் சொத்து, யாரும் தொடக் கூடாது’ என்று ஒரு பலகையும் மாட்டினாள். அதோடு சரி, அவள் மாடிப்படி ஏறவே இல்லை. எண்கள்தான் வீடு தேடி வருகின்றனவே, எதற்கு ஏற வேண்டும்?

அந்த எண்களில்தான் அதிசயம் இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள், காலையில், நசரத்பேட்டையில் மழை. அன்றைக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் கருவியில் ஒரு சொட்டு இருக்காது. அவளுடைய கணினி மாடல் காற்று, ஈரப்பதம், மேகம் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. நிலா முழுவதுமாக மறையும் நாளில், கடல் பொங்கி ஏறும் நாளில்தான் இந்த மழை. அதிலும் ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அளவு எகிறியது.

“கடல் ஏறுது, நசரத்பேட்டை நனையுது!” என்று துள்ளினார் அவளுடைய பிரிவின் தலைவர் இராமகிருஷ்ணன். “கவிப்பிரியா, இது என்னன்னு புரியுதா உங்களுக்கு? உலகத்துலயே யாரும் பார்க்காத விஷயம்!”

“சார், பௌர்ணமிக்கும் கடல் ஏறுமே. அன்னிக்கு ஏன் மழை இல்ல?”

“அதுக்குத் தனியா ரெண்டு வருஷத் திட்டம் கேட்கலாம்” என்றார் இராமகிருஷ்ணன், கண்ணை மூடிக்கொண்டு. இதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில், சந்தேகத்தைச் சொன்ன பக்கத்தை அவரே தன் கையால் நீக்கினார். கட்டுரையையும் கையோடு டெல்லிக்கு அனுப்பிவிட்டார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்து சிரிப்பு வந்திருக்கும். அவளுக்கு ஏன் புரியவில்லை என்று கேட்காதீர்கள். ஆபீசில் நிலா என்பது பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு எண். வீட்டில் அதே நிலா வாழைக்காய்ப் பொரியலும் உளுந்து வடையும். கணவன் அஸ்வினின் அப்பா தவறிய பிறகு, மாமியாருக்குக் கொடுத்த வாக்குக்காக மாதம் தவறாமல் விடியற்காலையில் எழுந்து சமைத்துவைத்துவிட்டுத்தான் அவள் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிப்பாள். அந்த நிலாவும் இந்த நிலாவும் ஒன்று என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. யாரும் சொல்லவில்லை.

மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் அப்துல் ரசாக் வந்தார். ராயபுரத்தில் பிறந்து, டெல்லியில் தலை நரைத்தவர். எல்லா வரைபடங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கவிப்பிரியாவைக் கேட்டார்.

“நான் சனிக்கிழமை கார்ல பெங்களூரு போறேம்மா. நசரத்பேட்டை போற வழிதானே. அன்னிக்கு உங்க மாடல் என்ன சொல்லுது?”

அவள் பார்த்தாள். சனிக்கிழமை நிலாவின் எண் பூஜ்ஜியம். “காலைல ஏழுலேர்ந்து எட்டுக்குள்ள பன்னிரண்டு மில்லிமீட்டர், சார்.”

“நல்லது. குடையோட வர்றேன்.”

அவர் கிண்டல் செய்கிறாரா, நம்பிவிட்டாரா என்று தெரியாமல் அன்றிரவு கவிப்பிரியாவுக்குத் தூக்கம் வரவில்லை. மழை வந்தால் வேலை, வராவிட்டால் பிரியாணி.

சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கவிப்பிரியா வாழைக்காயை இறக்கிவைத்துவிட்டு ஜன்னல் வழியாக அந்தப் பாழாய்ப்போன நீலத்தைப் பார்த்தாள். கீழே கார் வந்துவிட்டதாக இராமகிருஷ்ணனிடமிருந்து செய்தி.

“அஸ்வின், நான் சாரைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போறேன். நீ காக்காவுக்கு எடுத்துட்டு வந்துடு. தண்ணிய மறந்துடாத!”

இதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு ஓடினாள் அந்தப் புண்ணியவதி.

லிஃப்டு நாலாவது மாடி வரைதான். அதற்குமேல் படி. ரசாக் குடையை ஊன்றிக்கொண்டு ஏறினார். பின்னால் இராமகிருஷ்ணன், ‘சில சமயம் தாமதமாகவும் வரும் சார்’ என்று முன்கூட்டியே ஒரு சாக்குச் சொல்லிவைத்தபடி ஏறினார். மாடிக் கதவு திறந்தே கிடந்தது. அப்பால் சந்தைக் கூட்டம்போல் பேச்சுச் சத்தம்.

மழைமானிக்கு முன்னால் வரிசை நின்றது. ஆளுக்கொரு கையில் வாழையிலை, மறு கையில் சொம்பு. படிக்கட்டைப் பெருக்கி, மாடிச் சாவியையும் வைத்திருக்கும் பொன்னியம்மா வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

“தள்ளாத நைனா, தள்ளாத! உங்க ஊட்டுப் பெரியவருக்கு மட்டுந்தான் தாகமா? கொஞ்சங் கொஞ்சமா ஊத்து, ரொம்பிக்கினு வழியுது பாரு.”

சோற்றைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்கள். தண்ணீரைப் புனலில் ஊற்றினார்கள். காக்கைகள் சுவரெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டன.

கவிப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். “பொன்னியம்மா! யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேனே!”

“இன்னா கண்ணு இப்டிக் கேட்டுட்ட? யாரு தொட்டா? ஒரு விரலு பட்டுக்கீதா கேளு. மேலாக்கதான ஊத்துறோம்.”

வரிசையின் முன்னால் நின்ற சண்முகசுந்தரம் திரும்பினார். ஃபோர்மேன் விறைப்பு எதுவும் முகத்தில் இல்லை.

“அவங்களைத் திட்டாதம்மா. முதல்ல ஊத்தினது நான்தான். போன வருஷம் தை அமாவாசைக்கு. மத்த இடத்துல வச்சா காக்கா சோத்தைத் தின்னுட்டுப் போயிடும், தண்ணி அப்படியே கிடந்து வெயில்ல காயும். இதுல ஊத்தினா ஊத்தின வேகத்துல காணோம். என் சம்சாரம் வனஜா கடைசில ஆஸ்பத்திரியில தண்ணி தண்ணின்னு கேட்டா. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நானும் குடுக்கல.” அவர் சொம்பை மாற்றிப் பிடித்தார். “இப்ப வந்து குடிச்சிட்டுப் போறான்னு ஒரு நிம்மதி. அதைச் சொன்னேன், எல்லாரும் வந்துட்டாங்க.”

வந்தது சிரிப்பா அழுகையா என்று கவிப்பிரியாவுக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

அப்போதுதான் அப்துல் ரசாக் தொண்டையைக் கனைத்தார்.

“கருவி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லும்மா. உள்ள போற தண்ணி எங்க போகுது?”

வரிசை முழுக்க அவளையே பார்த்தது. சண்முகசுந்தரமும் பார்த்தார், பதில் தெரிந்துகொள்ள ஆசையாக. இயந்திரங்களோடு முப்பது வருடம் வாழ்ந்த மனிதர், இந்த டப்பாவின் அடியில் மட்டும் குனிந்து பார்த்ததே இல்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவளுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது.

“எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது, சார்” என்றாள் கவிப்பிரியா. “ஆனா எங்கேர்ந்து வருதுன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு. இது மழை இல்ல. ஒரு வருஷமா நான் கண்டுபிடிச்சதெல்லாம் இவங்க சொம்பு. கட்டுரை தப்பு, சார். முழுக்கத் தப்பு.”

சொல்லிவிட்டாள். வானகரத்து பிரியாணியின் வாசனை அவள் மூக்கில் அடித்தது.

ரசாக்கின் கண் தூணின் அடிக்குப் போனது. அங்கே குழாயிலிருந்து தண்ணீர் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி முன்னால் வந்து, குடையை விரித்து, வெயில் தாங்காதவர்போல ஒரு கணம் பிடித்துவிட்டு அதைத் தூணடியில் சாய்த்துவைத்தார். குழாய் மறைந்தது.

“நீங்க ஊத்துங்க, ஐயா” என்றார் சண்முகசுந்தரத்திடம்.

அந்த நேரம் பார்த்து அஸ்வின் மூச்சு வாங்கப் படியேறி வந்தான். ஒரு கையில் இலை, ஒரு கையில் சொம்பு. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து மிரண்டான். “என்ன? நீதான தண்ணிய மறக்காதன்னு சொன்ன?”

“இவர் எங்க வீட்டுக்காரர், சார்” என்றாள் கவிப்பிரியா. “சோறு நான் வடிச்சது” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவளுடைய கைபேசி சிணுங்கியது. எட்டு மணித் தகவல். நசரத்பேட்டை, பன்னிரண்டு மில்லிமீட்டர்.

ரசாக் எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். காக்கைகள் பறந்தன. “என் சர்வீஸ்ல இவ்வளவு சரியான முன்னறிவிப்பை நான் பார்த்ததே இல்ல!”

“சார், கட்டுரை டெல்லிக்குப் போயிடுச்சே” என்று ஈனசுரத்தில் கேட்டார் இராமகிருஷ்ணன்.

“டெல்லி நான்தான். வழியில எங்கயாவது தொலைச்சிடுறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கவிப்பிரியாவிடம் திரும்பினார். “ஒரு வருஷம் நீட்டிக்கிறேம்மா. ஒரே நிபந்தனை. கம்ப்யூட்டரை நம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிய எட்டிப் பாரு.”

அவர் வடையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பெங்களூருக்குக் கிளம்பினார்.

கவிப்பிரியா சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் கிடங்கில் கழித்துப் போட்டிருந்த மழைமானி ஒன்றைக் கேட்டு வாங்கி, மாடியின் மறு மூலையில் நட்டாள். உள்ளே வாளி கிடையாது, சிம் கார்டு கிடையாது. புனலும், சத்தமில்லாமல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குழாயும் மட்டும். குழாயின் வாயை யாரும் பார்க்காதபடி சுவருக்குள் விட்டாள். “இதுல இன்னும் சுருக்கா குடிக்கிறாங்கோ” என்று பொன்னியம்மா அடுத்த பிளாக் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கணினியிலும் ஒரு விதியை எழுதிச் சேர்த்தாள். அமாவாசையன்று நசரத்பேட்டையில் மழை பதிவானால் அதை நம்பாதே, தள்ளிவிடு, பக்கத்தில் காரணம் எழுது. இனிமேல் எவர் கை தவறி ஊற்றினாலும் ஏமாற முடியாது. அந்த விதியை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. மத்தியானம் ஏசி அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். பழைய கருவியில் மணிக்கு மணி எண்கள் மடமடவென்று ஏறிக்கொண்டிருந்தன. கணினி அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆடி அமாவாசை அல்லவா, கூட்டம் அதிகம், புதியதில் இடம் கிடைக்காதவர்கள் பழையதில் கை வைத்துவிட்டார்கள்போல. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அஸ்வினை போனில் பிடித்தாள்.

“யாரு அங்க பழைய கருவியில ஊத்துறது? மேல போய் ஒரு சத்தம் போடு!”

“என்னால போக முடியாது.”

“ஏன்?”

அவன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். சோவென்று காதை அடைத்தது.

“லைன் சரியில்ல, ஒரே இரைச்சல்” என்று அதட்டிவிட்டு வைத்தாள். வைத்த பிறகுதான் குடையோடு நின்ற அப்துல் ரசாக் ஞாபகத்துக்கு வந்தார். எழுந்து, கதவைத் திறந்து, நடைபாதைக் கோடியில் இருந்த ஒரே ஜன்னலுக்கு ஓடினாள்.

வெளியே வானமே தெரியவில்லை. அப்படிப் பெய்துகொண்டிருந்தது. கீழே இராமகிருஷ்ணன் தலையில் ஒரு ஃபைலைக் கவிழ்த்துக்கொண்டு காருக்கு ஓடிக்கொண்டிருந்தார். குடை வேண்டாம் சார், இன்றைக்கு மழை இல்லை என்று காலையில் அவரிடம் சொன்னவள் அவள்தான்.

கவிப்பிரியா மெல்ல அறைக்குத் திரும்பினாள். திரையில் கணினி தன் கடமையை ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்திருந்தது. நசரத்பேட்டை. மழை: இல்லை. காரணம்: சொம்பு.