கப்பல் வீட்டுக் கன்னி

"அம்மா, நில்லுங்க. அதத் தூக்கக்கூடாது."

சுகப்பிரியா சுழல்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். முன்னால் ஓடிய அம்மாளுக்கு வயது அறுபதுக்குக் குறையாது. ஓட்டத்தில் அது தெரியவில்லை. மாடியறையில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், மாடத்திலிருந்த படத்தை மாலையோடு உருவி, முந்தானைக்குள் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கப்பல் வீட்டில் சுற்றிக்காட்டும் வேலைக்கு சுகப்பிரியா சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. படம் வாசலைத் தாண்டினால் அவள் வேலையும் தாண்டிவிடும்.

மழை எட்டிப் பார்க்க யோசிக்கும் அருப்புக்கோட்டையில் ஒரு கப்பல். பஞ்சு வியாபாரம் கொழித்த காலத்தில், மெட்ராஸிலிருந்து ஆர்க்கிடெக்டை வரவழைத்துக் கப்பல் மாதிரியே கட்டிய வீடு. வளைந்த பால்கனி, வட்ட ஜன்னல், வெயில் நாளிலும் உள்ளங்காலைக் குளிரவைக்கும் சிவப்புத் தரை. இப்போது டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கீழே ஜன்னலைப் போட்டோ எடுப்பார்கள். மாடியறைக்கு வந்ததும் போனை இறக்கிவிட்டுக் கும்பிடுவார்கள். ஆர்க்கிடெக்ட் புத்தகம் அடுக்கப் போட்டுக்கொடுத்த மாடத்தில் இன்று இருப்பது இந்தக் குடும்பத்துக் கன்னி. கல்யாணமாகாமல் செத்துப்போன மகளைச் சாமியாக்கி, தை பிறந்தால் புதுப்பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

சற்றுமுன் சுகப்பிரியா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரொம்பத் துடியான கன்னி. நம்ம கேட்டது நடக்கும்."

"அதுக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டீகளா?" என்றாள் அந்த அம்மாள்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கை மாடத்துக்குள் போய்விட்டது.

முற்றத்தில் வைத்து சுகப்பிரியா வழிமறித்தாள்.

"குடுத்துருங்கம்மா. என் பொழப்புல மண்ணப் போட்டுறாதீக."

"ஒன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தாயி. ஆனா இது இங்க இருக்கக்கூடாது. தரமாட்டேன்."

ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன். சலவை மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் பட்டையாய்த் திருநீறு. சுகப்பிரியா மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னாள். அவர் அந்த அம்மாளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"போலீசக் கூப்புடட்டுமா சார்?"

"வேணாம்."

பதில் வெடுக்கென்று வந்தது. தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் நீட்டினார்.

"அது சாமி படம். குடுத்துட்டுப் போங்க. வெளியூரா? பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வரச் சொல்றேன்."

"யாருக்குச் சாமி?"

"எங்களுக்குத்தான். எங்க அக்கா. மஞ்சக்காமாலையில போயிட்டாக."

தொண்டை இடறாமல், மனப்பாடமாகச் சொன்னார். நல்ல பழக்கம்போல.

அந்த அம்மாள் படத்தை முந்தானையிலிருந்து எடுத்தாள். மாலையைக் கழற்றி, அவர் நீட்டியிருந்த கையில் வைத்தாள். படத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மஞ்சக்காமாலை எனக்கு வந்ததே இல்ல, நவநீதா. அப்பாவுக்குத் தெரியாம என்னையவும் அவுகளையும் நரிக்குடி பஸ்ஸுல ஏத்திவிட்டதே நீதான?"